பச்சையில் நின்ற மிதவை

சாயங்காலம் தியானம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பது பட்டம்மாளின் வழக்கம்.

"இன்னிக்கு உட்கார்ந்தது எப்படி இருந்துச்சு?"

ஒருவர் முழங்கால் வலித்தது என்பார். ஒருவர் தூங்கிவிட்டேன் என்பார். மத்தியானக் குழம்பில் உப்பு குறைந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்று ஒருவர் ஒருநாள் சொன்னார். பட்டம்மாள் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. தலையசைத்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்.

தணிகாசலத்தின் முறை வரும்போது அவர் "நல்லா இருந்துச்சும்மா" என்பார். பதினோரு வருடமாக அதையேதான் சொல்லிவந்தார்.

அன்றும் அதைத்தான் சொன்னார். ஆனால் மற்றவர்கள் எழுந்துபோன பிறகும் அவர் பாயை விட்டு எழவில்லை.

"என்னங்க ஐயா?" என்று கேட்டார் பட்டம்மாள்.

"ஒருத்தன் பதினோரு வருஷம் உட்கார்ந்தா அவனுக்கு என்ன கிடைச்சிருக்கணும்மா?"

"யாருக்கு?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

பட்டம்மாளுக்கு இருமல் வந்தது. அடங்க நேரமாயிற்று. மூக்கிலிருந்து நழுவிய ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு, பிறகு சொன்னார்.

"வண்டிக்குப் பின்னால நாலு பாட்டரி மூணு வருஷமா சும்மா கிடக்கு. அதை என்னன்னு பாருங்க."

இதுதான் பதிலா, அல்லது கேள்வியே அவர் காதில் விழவில்லையா என்று தணிகாசலத்துக்குத் தெரியவில்லை.

பட்டம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. தணிகாசலத்துக்கு ஐம்பத்தேழு. அவர் இவரை அம்மா என்பார். இவர் அவரை ஐயா என்பார். புதிதாக மடத்துக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

ஒன்பது வயதிலிருந்து முப்பத்து நாலு வயது வரை பட்டம்மாள் மலைக்கு அந்தப் பக்கம் குவாரியில் கல் உடைத்தவர். கல்தூள் நெஞ்சுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. தணிகாசலம் வந்த வருடமே, முந்தைய சாமி கண்மூடுமுன் மடத்துச் சாவிக்கொத்தைப் பட்டம்மாள் கையில் கொடுத்தபோது, படித்த சீடர்கள் இரண்டு பேர் அன்றே பெட்டியைக் கட்டினார்கள். தணிகாசலம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று தன்னையே பலமுறை கேட்டிருக்கிறார். போக இடம் இல்லாததால் இருந்துவிட்டோமோ என்பதுதான் அவருக்குக் கிடைத்த நேர்மையான பதில். மனைவி முன்பே இறந்துவிட்டாள். வேலை பார்த்த ஆலையும் மூடிவிட்டது. அந்த ஆலையின் பாட்டரி அறையில் அவர் இருபத்தாறு வருடம் இருந்தார்.

வண்டி என்பது ஒரு பழைய மினி பஸ். இருக்கைகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு படுக்கை போட்டிருந்தார்கள். கூரைமேல் ஒரு விளக்கு. வருடத்தில் ஐந்து நாள் அது மலையைச் சுற்றிக்கொண்டு குவாரி ஊர்களுக்குப் போகும். போய் ஊர் ஓரமாக நிற்கும். யாரையும் கூப்பிடுவதில்லை, ஒலிபெருக்கி கிடையாது. விளக்கு மட்டும் விடிய விடிய எரியும். வர நினைக்கிறவர்கள் வந்து உட்காருவார்கள். விளக்கு வண்டி என்றுதான் அந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர்.

எஞ்சினுக்குத் தனி பாட்டரி. அதை வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பி உயிரோடு வைத்திருந்தார்கள். விளக்குக்கும் விசிறிக்குமான நாலு பாட்டரியை யாரும் தொடவில்லை. மூன்று வருடத்துக்கு முன் பட்டம்மாளுக்கு மூச்சு மெஷின் தேவைப்பட்டது. அதோடு வண்டி புங்கமரத்தடியில் நின்றுவிட்டது.

இப்போது அதைக் கிளப்ப ஒரு காரணம் வந்திருந்தது.

பொன்னுருவி என்று ஒருத்தி. பட்டம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல் உடைத்தவள். அதே தூளைக் குடித்தவள். ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் ஊரான மஞ்சக்கல்லில் கரண்ட் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்பதால் மெஷின் கொடுத்தாலும் பயனில்லை. பால் வண்டிக்காரரிடம் அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருந்தாள். பட்டுவை ஒருதடவை பார்க்கணும்.

மலைப்பாதையில் மூன்று மணி நேரம். போய் அன்றே திரும்பப் பட்டம்மாளின் உடம்பு தாங்காது. அங்கே தங்க வேண்டும். தங்கினால் மெஷின் இரவெல்லாம் ஓட வேண்டும். மடத்தில் இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டர் ஒரு பகலுக்குமேல் வராது; வண்டியின் பாட்டரி தாங்கினால்தான் அது நடக்கும்.

போளூரில் பாட்டரிக் கடை வைத்திருந்த அமானுல்லா பாய் விஷயம் கேள்விப்பட்டு மடத்துக்கே வந்தார். மூடியைத் திறந்து ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"மூணு வருஷம் பட்டினி கிடந்தது இனி எழுந்திரிக்காது. நாலு புதுசு என் காணிக்கையா போட்டுடறேன். நாளைக்கே கிளம்பலாம்" என்றார்.

தணிகாசலம் வேண்டாம் என்றார். இருபத்தாறு வருடம் இதையே செய்தவன், எட்டு நாளில் எழுப்பிவிடுவேன் என்றார். தன் குரலில் ஒரு தெம்பு வந்ததை அவரே கவனித்தார். பதினோரு வருடத்தில் அந்த மடத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு வேலை வந்தது அன்றுதான்.

பாய் பட்டம்மாளைப் பார்த்தார். பட்டம்மாள், "ஐயாவுக்குத் தெரியும்" என்றார்.

முதல் நாள் நாலையும் இறக்கி வெயிலில் வைத்தார். கம்பி மாட்டும் டெர்மினல்களில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருந்ததைச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் கழுவினார். ஒவ்வொரு செல் அறையிலும் டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பினார். ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சினார். கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை சிவப்புக் கோட்டுக்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. நாலிலும் அப்படித்தான்.

பட்டம்மாள் நாற்காலியைப் போட்டு அருகே உட்கார்ந்திருந்தார். நீளமான குழாய் ஜன்னல் வழியாக அறைக்குள் இருந்த மெஷினுக்குப் போனது.

"இது என்ன சொல்லுது?"

"உள்ளே இருக்கிறது வெறும் தண்ணின்னு சொல்லுதும்மா. ஆசிட் இருந்தா மிதவை மேலே வரும். சிவப்பு, வெள்ளை, அப்புறம் பச்சை."

"அப்ப ஆசிட் எங்கே போச்சு?"

"எங்கேயும் போகலை. தகட்டுக்குள்ள போய் உறைஞ்சு உட்கார்ந்திருக்கு."

"திரும்பி வருமா?"

"கொஞ்சமா கரண்ட் விட்டு, அவசரப்படாம இருந்தா வரும். மிதவை தானா மேலே ஏறும்." ஆலையில் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த குரல் அவருக்குத் திரும்ப வந்திருந்தது. "விவரம் தெரியாதவங்க மேலேர்ந்து ஆசிட்டை ஊத்திடுவாங்க. மிதவை சட்டுனு வந்துடும். பாட்டரி வராது. நல்ல தகடும் சேர்ந்து அரிச்சுப் போயிடும்."

பட்டம்மாள் கேட்டுக்கொண்டார்.

நாலாம் நாள் மூன்று பாட்டரிகளில் மிதவை அசைந்தது. சிவப்புக்குள்ளேயே ஒரு மயிரிழை மேலே. தணிகாசலம் அதை மூன்றுமுறை எடுத்துப் பார்த்தார். நாலாவது மட்டும் அப்படியே கிடந்தது.

ஆறாம் நாள் பால் வண்டிக்காரர் வந்தார். பொன்னுருவி கஞ்சியை நிறுத்திவிட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பட்டம்மாள் இரண்டுமுறை வாசலுக்கு வந்து பாட்டரிகளைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தணிகாசலம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்னும் நாலு நாள் ஆகும், நாலாவது எழாது, பாயைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கேட்காமலும் சொல்லியிருக்கலாம். அதைத்தான் பிற்பாடு அவரால் தாண்ட முடியவில்லை. வாய் திறக்க யாரும் தடை போடவில்லை.

அன்று சாயங்காலமும் பட்டம்மாள் கேட்டார். இன்னிக்கு உட்கார்ந்தது எப்படி இருந்துச்சு?

"நல்லா இருந்துச்சும்மா."

ஏழாம் நாள் காலை தணிகாசலம் கொட்டகையிலிருந்து ஆசிட் கேனை எடுத்துவந்தார்.

ஆலையில் பெரிய அதிகாரி வருகிறார் என்றால் முந்தின நாள் இதைத்தான் செய்வார்கள். தளர்ந்த செல்களில் கொஞ்சம் ஆசிட். மறுநாள் எல்லாச் செல்லும் ஒரே அளவைக் காட்டும். அதிகாரி மிதவையைப் பார்ப்பார். திருப்தியோடு போவார். ஒருமுறை, பாட்டரி அறை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தணிகாசலத்தின் பெயருக்குப் பாராட்டுக் கடிதமே வந்தது. அது இன்னும் அவர் பெட்டியின் அடியில் இருந்தது. எல்லோரும் செய்தார்கள். யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. அதற்கு ஒரு பெயரே கிடையாது. நாளைக்கு ஆள் வருது, பார்த்துக்க என்பார்கள், அவ்வளவுதான்.

நாலாவது பாட்டரியில் ஊற்றினார். மிதவை துள்ளிக்கொண்டு மேலே வந்தது.

மற்ற மூன்றைப் பார்த்தார். அவை இன்னும் சிவப்பில் இருந்தன. செத்தது பச்சையிலும் உயிருள்ளவை சிவப்பிலும் நின்றால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். நாலும் ஒரே கோட்டில் நின்றன.

அளவு ஒரு சொட்டும் பிசகவில்லை.

எட்டாம் நாள் காலை, திரும்ப வண்டியில் பொருத்திய பாட்டரிகளைப் பட்டம்மாள் குனிந்து பார்த்தார்.

"பச்சைக்கு வந்துடுச்சே."

"வந்துடுச்சும்மா."

"எழுப்பிட்டீங்க." பட்டம்மாள் அவர் தோளைத் தொட்டார். அப்படித் தொடுவது வழக்கமில்லை. "நாளைக்கு விடியறப்ப கிளம்பிடலாம்."

மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. அன்று அந்த நாள். அப்படிப்பட்ட நாளில் பட்டம்மாள் சிலிண்டர் போட்டுக்கொள்வார். தணிகாசலம் சிலிண்டரை உருட்டிவரப் போனார்.

"அதை எதுக்கு இன்னிக்குத் தீர்க்கணும்?" என்றார் பட்டம்மாள். "வண்டிதான் தயாராயிடுச்சே. அதுலயே படுத்துக்கறேன்."

இப்போது சொல்லியிருக்கலாம். தணிகாசலம் மெஷினைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். இன்வெர்ட்டரில் மாட்டினார். மெஷின் முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. பட்டம்மாள் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்தார். பக்கத்தில் இருக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் தூங்கிப்போனார்.

தணிகாசலத்துக்கு எதிரே மின்னழுத்த முள் இருந்தது. பன்னிரண்டரை வோல்ட்டில் நின்றது. அதற்குக் கீழே பட்டம்மாளின் முதுகு. அது மெல்ல உயர்ந்தது, இறங்கியது.

அவர் அதைப் பார்த்தார். மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தது. நடுவில் ஒரு சின்ன நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் இவருடைய மூச்சும் நின்றது. அடுத்தது வந்தபோது இவருக்கும் வந்தது. இறுதியில் ஒரு மெல்லிய இரைச்சல், சல்லடையில் மணல் நகர்வதுபோல. அந்த இரைச்சல் எந்த மூச்சில் கூடுகிறது, எதில் குறைகிறது என்று பார்த்தார். வெளியே யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாகப் பிறகு சொன்னார்கள். அவருக்குக் கேட்கவில்லை.

முள் பன்னிரண்டுக்கு வந்தது.

நல்ல பாட்டரிகள் என்றால் அது அங்கே வரப் பாதி நாள் ஆகும். இது ஒரு மணி நேரத்தில் வந்திருந்தது. சரியாகிவிடும் என்று நினைத்தார். எது சரியாகும் என்று அவருக்கே தெரியவில்லை.

பதினொன்று முக்கால். பதினொன்றரை. மெஷினின் முனகல் ஒரு சுருதி இறங்கியது. பட்டம்மாளின் உதட்டு ஓரம் லேசாகக் கறுத்ததுபோல இருந்தது. வெளிச்சம் அப்படியா, உண்மையிலேயே அப்படியா என்று பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

இறங்கி ஓடினார். சிலிண்டரை உருட்டிவந்தார். குழாயைப் பிடுங்கி அதில் மாட்டித் திறந்தார்.

பட்டம்மாள் கண் விழித்தார். சிலிண்டரைப் பார்த்தார். இவரைப் பார்த்தார்.

"ஏன் மாத்தினீங்க?"

எதற்கும் ஒரு பாதுகாப்புக்குத்தான் என்று சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டிருந்தது. வழவழப்பாக, பழகியதாக இருந்தது.

"பாட்டரி எழவே இல்லம்மா. நான் ஆசிட் ஊத்தினேன்."

சிலிண்டரின் காற்று சீறிக்கொண்டிருந்தது.

"நாலாவது செத்துத்தான் இருந்தது. மத்த மூணும் வந்துட்டிருந்தது. நாலும் ஒரே மாதிரி காட்டணும்னு அதுலயும் ஊத்திட்டேன்."

"அந்த மூணு வந்திருக்குமா?"

"வந்திருக்கும். இன்னும் நாலு நாள் விட்டிருந்தா."

"நாலு நாள்" என்றார் பட்டம்மாள். அவர் கண் மலைப் பக்கம் போயிற்று. அந்த நாலு நாள் யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

தணிகாசலத்தால் நிறுத்த முடியவில்லை.

"பாட்டரி மட்டும் இல்லம்மா. தினம் சாயங்காலம் நீங்க கேட்டீங்களே. ஒருநாள்கூட நல்லா இல்லை. பத்து மூச்சு தாண்டினதில்லை. பதினோரு வருஷமா நான் மிதவையைத்தான் காட்டிட்டிருந்தேன். மஞ்சக்கல் போயிட்டு வந்ததும் நான் மடத்தை விட்டுப் போயிடறேன்."

பட்டம்மாள் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இருந்தது. அவர் கோபப்பட்டுத் தணிகாசலம் பார்த்ததே இல்லை. அது அவருக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது.

"பாய் கடை எத்தனை மணிக்கு மூடும்?"

"எட்டு மணிக்கு."

"போங்க."

அந்த நாலோடும் வண்டியை அப்படியே போளூருக்கு ஓட்டிப்போனார். அமானுல்லா பாய் வாசலில் நின்றிருந்தார்.

"என்னங்க, எழுந்துச்சுங்களா பிள்ளைங்க? பள்ளிக்கூடம் அனுப்பிட்டீங்களா?"

பாய் ஒரு மூடியைத் திறந்தார். முகர்ந்தார். ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து கேலி போய்விட்டது.

"ஆசிட் ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன்."

பாய் உள்ளே திரும்பி நாலு புதுப் பாட்டரி எடுத்துவைக்கச் சொன்னார்.

"முப்பது வருஷமா இந்தக் கேள்வியைக் கேட்கறேன்" என்றார், ஸ்பானரைத் தேடிக்கொண்டே. "எல்லாரும் தண்ணிதான் ஊத்தினோம்னு சொல்வாங்க. ஊத்தினேன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். கொஞ்சம் அந்தக் கம்பியைப் பிடிங்க."

மறுநாள் விடியும்போது கிளம்பினார்கள். தணிகாசலமே வண்டியை ஓட்டினார். அவருடைய துணிப்பை இருக்கைக்குக் கீழே இருந்தது. திரும்பும் வழியில் ஏதாவது ஒரு பேருந்து நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று எடுத்துவைத்திருந்தார். பட்டம்மாள் அதைப் பார்த்தார். வழி நெடுகவும் பேசவில்லை.

மஞ்சக்கல்லுக்குள் வண்டி நுழைந்தபோது தணிகாசலத்தின் காது எதையோ தேடியது. அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று தான் பார்ப்பதைக் கொஞ்சம் கழித்தே உணர்ந்தார். கோழிகள்தான் கத்திக்கொண்டிருந்தன.

பொன்னுருவி உயிரோடு இருந்தாள். கட்டிலோடு தூக்கிவந்து வண்டிக்குள் பட்டம்மாளின் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எலும்பும் கண்ணும்தான் இருந்தன. பேச நாலு மூச்சு வேண்டியிருந்தது.

"ஏண்டி பட்டு. சாமியாராயிட்டேன்னாங்க. இன்னும் இருமறியே."

"நீ இன்னும் வாயை மூடலையே."

பொன்னுருவி சிரிக்கப் போய் இருமினாள். இருமல் நிற்கவில்லை. விரல் நகங்கள் நீலமாயின. பட்டம்மாள் தன் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றி அவளுக்கு மாட்டினார்.

தணிகாசலம் எழுந்துவிட்டார். "அம்மா, உங்களுக்கு? சிலிண்டர் நேத்தே தீர்ந்துடுச்சே."

"எனக்குப் பத்து நிமிஷம் தாங்கும். பத்து நிமிஷம் அவளுக்கு, பத்து நிமிஷம் எனக்கு. நீங்க பார்த்துச் சொல்லுங்க. எங்க ரெண்டு பேரையும் நம்பாதீங்க. ஒருத்திக்காக ஒருத்தி வேணாம்னு சொல்லிடுவோம்."

அவர் இருவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் கடிகாரத்தைப் பார்த்துத்தான் மாற்றினார். பிறகு பொன்னுருவியின் மூச்சு எங்கே திருப்தியாகிறது, பட்டம்மாளின் மூச்சு எங்கே திணறத் தொடங்குகிறது என்று தெரியவந்தது. ஒன்று மேலோட்டமாக, அவசரமாக இருந்தது. மற்றது நீண்டு, கடைசியில் மணல்போல நகர்ந்தது. சிலசமயம் பத்துக்கு முன்பே மாற்ற வேண்டியிருந்தது. சிலசமயம் ஒரு நிமிடம் விட முடிந்தது. இரண்டு பெண்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பாறையில் யார் வழுக்கி விழுந்தார்கள், மேஸ்திரியின் சைக்கிளில் யார் காற்றைப் பிடுங்கினார்கள் என்று. குழாய் யாரிடம் இருக்கிறதோ அவள் பேசினாள். மற்றவள் கேட்டாள். கஞ்சி வேண்டுமா என்று யாரோ கேட்டதற்குப் பொன்னுருவி அரை டம்ளர் குடித்தாள்.

ஊர்க்காரர்கள் வந்து வண்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முள் பன்னிரண்டரையிலேயே நின்றது. மத்தியானத்துக்குப் பிறகு தணிகாசலம் அதைப் பார்க்கவில்லை. கடிகாரம் மடியிலிருந்து நழுவிக் கட்டிலுக்குக் கீழே போயிருந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

வெயில் இறங்கியது. யாரோ கூரை விளக்கைப் போட்டார்கள்.

பொன்னுருவி கண் மூடியிருந்தாள். குழாய் அவளிடம் இருந்தது. பட்டம்மாள் சுவரில் சாய்ந்து தணிகாசலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் மாற்றச் சொன்னதைத் தவிர முந்தின நாளிலிருந்து அவரிடம் ஒன்றும் பேசாதவர் இப்போது பேசினார்.

"இன்னிக்கு உட்கார்ந்தது எப்படி இருந்துச்சு?"

தணிகாசலம் அந்தப் பழைய வார்த்தையைத் தேடிப் பார்த்தார். அது கிடைக்கவில்லை.

"இன்னிக்கு உட்காரவே இல்லம்மா" என்றார். "நேரமே கிடைக்கலை."

பட்டம்மாள் தலையசைத்தார். தினம் எல்லோருக்கும் அசைப்பதுபோலத்தான்.

"சரி" என்றார். "இப்ப யார் முறை?"